குண்டையூர் நெல்லை யார் சுமக்கிறது? மாசி மகத்து நெல் மகோற்சவம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினம் மாவட்டத்துல திருக்குவளைன்னா நிறைய பேருக்கு கலைஞர் கருணாநிதி பொறந்த ஊர்னுதான் முதல்ல ஞாபகம் வரும். தேவாரம் படிக்கிறவங்களுக்கு அது திருக்கோளிலி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரும் பாடின தலம், தியாகராசர் இருக்கிற சப்தவிடங்கத் தலம் ஏழுல ஒண்ணு, தருமபுரம் ஆதீனத்து கோயில். அதுக்கு பக்கத்துலயே குண்டையூர்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, வயலும் வாய்க்காலும்தான், தெரியாம போனா பஸ்ல தாண்டிப் போயிடுவோம். ஆனா மாசி மகத்தன்னைக்கு மட்டும் இந்த ரெண்டு ஊரும் சேர்ந்து, எட்டாம் நூற்றாண்டுல ஒரு கவிஞர் தன் வீட்டுக்கு வேண்டிய நெல்லுக்காக இங்க வந்துட்டுப் போனதை திரும்ப நடத்திக் காட்டுறாங்க. நெல் மகோற்சவம்னு பேரு. அந்தக் கவிஞர் சுந்தரர்.

கவிஞர்னு சொல்றதுக்கு சிலர் கோவிச்சுக்கலாம், நாயனார்னு சொல்லணும்பாங்க. நாயனார்தான், சந்தேகமே இல்ல. ஆனா இந்த விழாவுக்கு ஆதாரமா நிக்கிறது ஒரு பாட்டு, அதுவும் பத்தே பாட்டு உள்ள ஒரு பதிகம், அதனால கவிஞரா பார்த்து பேசுறதுதான் இந்த இடத்துல சரின்னு எனக்கு தோணுது.

முதல்ல கதைய சொல்லிடுறேன், ஏன்னா கதையிலயே ஒரு சிக்கல் இருக்கு, அதுதான் இந்த ஆய்வுக்கே காரணம்.

சுந்தரர் திருவாரூர்ல பரவையாரோட குடித்தனம் பண்ணிட்டிருக்கார். வீட்டுக்கு தினமும் அடியார் கூட்டம் வரும், வந்தவங்களுக்கெல்லாம் சோறு போடணும். இந்த அடுப்பு எரியறதுக்கு குண்டையூர்ல இருந்த ஒரு பெரிய விவசாயி, பேர் சொல்லாம குண்டையூர்க் கிழார்னே சேக்கிழார் சொல்றார், அவர் செந்நெல்லு, பருப்பு, வெல்லம்னு விடாம அனுப்பிட்டே இருந்தார். ஒரு வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு, விளைச்சல் இல்ல. அனுப்ப நெல் இல்லையேங்கிற கவலையில கிழார் சாப்பிடாமலே படுத்துட்டார். கனவுல சிவன் வந்து ஆரூரனுக்கு (சுந்தரர்தான்) படி அளக்க உனக்கு நெல்லு தந்தோம்னு சொல்ல, குபேரன் ஏற்பாட்டுல விடியறப்ப ஊரெல்லாம் வானத்தை மறைக்கிற அளவுக்கு நெல்மலை. இது வரைக்கும் மத்த புராணக் கதை மாதிரிதான் போகுது.

இனிமேதான் சிக்கலே. நெல் வந்துடுச்சு, எடுத்துட்டுப் போக ஆள் இல்ல! கிழார் விஷயத்தை சொல்றார், சுந்தரரே குண்டையூருக்கு வந்து பார்க்கிறார், மனுஷங்களால ஆகுற வேலை இல்லன்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுடுது. உடனே பக்கத்துல இருக்கிற கோளிலிக்கு போய் சுந்தரர் பாடுறார். பகல் கழிஞ்சதும் நம்ம பூதங்க வந்து நெல்லை ஆரூர்ல கொண்டு சேர்க்கும்னு வானத்துல குரல் கேக்குது. அன்னைக்கு ராத்திரி பூதகணம் நெல்லை சுமந்துட்டுப் போய் பரவையார் வீட்டை நிரப்பி, அதுவும் கொள்ளாம திருவாரூர் வீதியெல்லாம் கொட்டி வெச்சுடுது. காலையில வாசக்கதவை தொறந்தவங்களுக்கு நடக்க வழி இல்ல. பரவையார் ஊர்ல முரசு அடிக்கச் சொல்றாங்க: அவங்கவங்க வீட்டு எல்லைக்குள்ள கிடக்கிற நெல்லை அவங்கவங்களே எடுத்து உள்ள வெச்சுக்குங்க.

இதை விரிவா சொல்றது பெரியபுராணம், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள்ள வருது. சேக்கிழார் காலம் பன்னெண்டாம் நூற்றாண்டு, ரெண்டாம் குலோத்துங்கன் காலம். அதாவது பாட்டுக்கும் இந்த விரிவான கதைக்கும் நடுவுல முந்நூறு நானூறு வருஷம் இருக்கு, இதை மனசுல வெச்சுக்கிட்டு இப்ப பாட்டுக்கு போவோம்.

பாட்டு என்ன சொல்லுது

சுந்தரர் பாட்டெல்லாம் இருக்கிற ஏழாம் திருமுறையில இருபதாவது பதிகம், நட்டராகம்ங்கிற பண். "நீள நினைந்தடியேன் உமை நித்தலும் கைதொழுவேன்"னு ஆரம்பிக்கும். வாள் மாதிரி கண்ணு உள்ள என் பொண்டாட்டி வாடிப் போகக் கூடாது, கோளிலி பெருமானே, குண்டையூர்ல கொஞ்சம் நெல்லு கிடைச்சிருக்கு, ஆனா ஆளிலை எம்பெருமான், அதாவது சுமக்க ஆள் இல்ல, அதை கொண்டு வந்து சேர்க்கச் சொல்லி உத்தரவு போடு. முதல் பாட்டோட சாரம் இவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டும் "அவை அட்டித்தரப் பணியே"ன்னு முடியும், கடைசி பாட்டு மட்டும்தான் வேற மாதிரி.

இங்க கவனிக்க வேண்டியது, பாட்டுல நெல்மலை கிடையாது, சில நெல்லுன்னுதான் சொல்றார். குபேரன் இல்ல, கிழார் இல்ல, பூதமும் இல்ல. இருக்கிறது மூணே மூணு சமாச்சாரம்: நெல்லு கிடைச்சிருக்கு, வீட்டுல பசி, சுமக்க ஆளில்ல. கடைசி பாட்டுல தன் பேரை சொல்லி முடிக்கிற இடத்துல கூட, நெல்லிட ஆட்கள் வேண்டி பாடின பத்து பாட்டு இதுன்னு அவரே பதிவு பண்ணிட்டுப் போறார். நெல்லை அவர் கேக்கவே இல்ல, அது ஏற்கனவே கையில இருக்கு, கேட்டதெல்லாம் ஆள்தான். கடவுள்கிட்ட மழை கேட்டவங்க உண்டு, பொன் கேட்டவங்க உண்டு, முத்தி கேட்டவங்க எக்கச்சக்கம். லோடு ஏத்த ஆள் அனுப்புன்னு கேட்டு ஒரு பதிகம் பாடினது எனக்குத் தெரிஞ்சு இவர் ஒருத்தர்தான், இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பதிகத்தை நான் திரும்பத் திரும்ப படிப்பேன்.

கேக்குற விதமும் சாதாரணமா இல்ல. பாதி உடம்புல ஒரு பொண்ண வெச்சிருக்க, சடையில கங்கைய வெச்சிருக்க, பொம்பளைங்க படுற வருத்தம் என்னன்னு உனக்கும் தெரியும்தானேன்னு ஒரு பாட்டுல மடக்குறார். இன்னொரு பாட்டுல பரவையோட பசி உனக்கு தெரியாததான்னு பேரையே சொல்லிடுறார். ஒரு சம்சாரி இன்னொரு சம்சாரிகிட்ட பேசுற உரிமை அது, தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே தோழர்னு அவருக்கு ஏன் பேர் வந்துச்சுன்னு இந்த ஒரு பதிகத்தை படிச்சாலே புரியும். ரெண்டாவது பாட்டு "வண்டமரும் குழலாள்"னு அம்பாளை சொல்லி ஆரம்பிக்குது, கோளிலி அம்பாளுக்கு இன்னைக்கும் வண்டமர் பூங்குழலின்னுதான் பேரு, அந்த சன்னதியில நின்னு இந்த பாட்டைக் கேட்டா ரெண்டும் எப்படி ஒட்டிக் கிடக்குன்னு தெரியும்.

விழாவுல நடக்கிறது

சுந்தரரா நடிக்க யாரும் வேஷம் கட்டுறதில்ல. சுந்தரரோட உற்சவ மூர்த்திதான் எழுந்தருளுறார், அவர்தான் குண்டையூருக்கு வர்றார், ஊரு அவரை வரவேற்குது. வேஷம் கட்டுறது பூதத்துக்கு மட்டும். இந்த பிரிவு எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நாடகமா இருந்தா சுந்தரருக்கும் ஒரு நடிகர் வேணும், வசனம் வேணும். ஐதீக விழாவுல வர்றவர் சுந்தரரே, அவர் வர்றது இன்னைக்கு நடக்கிற நிகழ்ச்சி. போன தடவை நடந்தது எட்டாம் நூற்றாண்டு, இந்த தடவை இந்த வருஷம், நடுவுல உள்ள காலத்தைப் பத்தி ஊர்ல யாருக்கும் பெரிசா கவலை இல்ல.

குண்டையூர்ல நெல்லைக் குவிச்சு வெச்சிருப்பாங்க, பூஜை நடக்கும், ஓதுவார் நீள நினைந்தடியேன் பாடுவார், அப்புறம் பூத வேஷக்காரங்க நெல்லை எடுத்துட்டு கிளம்புவாங்க, நெல்லு கடைசியா திருவாரூருக்குன்னு போய் சேரணும். குண்டையூர்லேருந்து திருவாரூர் இருபது கிலோமீட்டருக்கு மேல. இந்த தூரம் வெறும் தகவல் இல்ல, பதிகத்துல ஆளிலைன்னு அவர் கதறினதுக்கு உண்மையான காரணமே இந்த தூரம்தான். வெண்ணாறு பாசனத்துல தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை பூமி இது, வாய்க்கால் வரப்பு, சேறு, நடுவுல ஆறு வேற. நல்ல தார் ரோடு இருக்கிற இன்னைக்கே மூட்டையோட நடந்தா ஒரு நாள் போயிடும்.

மாசி மாசமும் சும்மா அமைஞ்சதா தெரியல. கடைமடையில சம்பா அறுப்பு தை மாசம் தொடங்கி மாசியில முடியும், குறுவை அறுத்துட்டு நடுற தாளடியும் அதை ஒட்டியே வந்துடும். மகம் வர்றப்ப வயல்ல தாள்தான் நிக்கும், நெல்லெல்லாம் களத்துல இருக்கும். குவிச்சு வெக்க புது நெல்லு அப்பத்தான் ஊர்ல தாராளமா கிடைக்கும். புது நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு, பால் காய்ஞ்ச வைக்கோல் வாசனை, அதோட சுணை வேற, கழுத்துலயும் முழங்கை மடிப்புலயும் பட்டுதுன்னா சாயங்காலம் குளிக்கிற வரைக்கும் அரிக்கும். கறுப்பு மை பூசி வேர்த்து நிக்கிற உடம்புல நெல்லு சிந்தினா அப்படியே ஒட்டிக்கும், தட்டினாலும் போகாது. பூத வேஷம் போட்டவரு தோள்பட்டையில அஞ்சாறு நெல்மணி ஒட்டியிருக்க, குழந்தைங்க பயந்துகிட்டே கிட்ட வந்து அதை ஒண்ணொண்ணா எடுக்கிறதைப் பார்த்தேன், அவரும் கோரப்பல்ல கழட்டாம அசையாம நின்னு குடுத்தாரு.

இதே மாதிரி நாயன்மார் வாழ்க்கைய நடத்திக் காட்டுற விழா தமிழ்நாட்டுலயும் பக்கத்துலயும் நிறைய இருக்கு. காரைக்கால்ல மாங்கனி, சீர்காழியில திருமுலைப்பால், திருவையாத்துல ஆடி அமாவாசைக்கு அப்பர் கயிலைக் காட்சி, கொங்கு நாட்டுல திருமுருகன்பூண்டி வேடுபறி. வேடுபறியும் சுந்தரர் கதைதான், சேரமான் பெருமாள் குடுத்த பொருளோட வர்றப்ப பூதகணங்களே வேடுவரா வந்து பறிச்சதை நடத்திக் காட்டுவாங்க. ரெண்டையும் சேர்த்து யோசிச்சா ஒரு விஷயம் தெரியுது, பூண்டியில பூதம் சுந்தரர்கிட்டேருந்து பறிக்குது, குண்டையூர்ல அதே பூதம் அவருக்காக சுமக்குது. மத்த விழாக்கள்ல மாங்கனியோ ஞானப்பாலோ கயிலைக் காட்சியோ வந்து சேர்ந்ததுதான் அதிசயம். குண்டையூர்ல மட்டும் அதிசயமா வந்த பொருளாலயே ஒரு வேலை பாக்கி நிக்குது, அந்த வேலைய முடிக்கிறதுதான் திருவிழா.

சுமக்கிறவங்க பக்கத்துலேருந்து பார்த்தா

இங்கதான் என் கருத்தை கொஞ்சம் அழுத்தி சொல்லணும்னு நினைக்கிறேன். இந்த விழாவைப் பத்தி வர்ற செய்தியெல்லாம் பெரும்பாலும் நெல்மலை அதிசயத்தோட நின்னுடுது, நாலு வரி தலபுராணம், ஒரு போட்டோ, முடிஞ்சது. ஆனா பாட்டோட மையம் நெல்லு சுமக்கிற வேலை. அதை விட்டுட்டா பாட்டையே விட்டுட்டோம்னு அர்த்தம்.

இன்னைக்கு இதே டெல்டாவுல மாசி மாசத்துல நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசல்ல போய் நில்லுங்க. நுகர்பொருள் வாணிபக் கழகத்து நிலையம்தான், ஊருக்கு ஊர் இருக்கும். விவசாயி கொண்டு வந்து கொட்டின நெல்லு தார்ப்பாய் போட்டு ரோட்டோரம் வரிசையா கிடக்கும். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி, காயப் போடணும், ராத்திரி பனி விழுது, மறுபடி காயப் போடணும். தூத்தி எடை போட்டு 40 கிலோ சாக்குல பிடிச்சு அடுக்கினாலும் லாரி வந்து ஏத்திட்டுப் போகாம இடம் காலியாகாது, இடம் காலியாகாம அடுத்தவர் நெல்லை எடுக்க மாட்டாங்க. நடுவுல ஒரு மழை பேஞ்சா குவியல்லயே முளை விட்டுடும். விளைய வைக்கிறதுல ஜெயிச்ச விவசாயி கொண்டு போய் சேர்க்கிறதுல தோக்கிறான். குண்டையூர்ல சில நெல்லுப் பெற்றேன், ஆளிலைங்கிற அந்த வரிய இன்னைக்கு கொள்முதல் நிலையத்துல காத்து கிடக்கிற எந்த விவசாயி சொன்னாலும் ஒரு எழுத்து மாத்த வேண்டாம்.

அந்த 40 கிலோ சாக்கை தூக்குறவங்களையும் பார்க்கணும். முதுகுல ஒரு கோணிய மடிச்சுப் போட்டுகிட்டு, குனிஞ்சு வாங்கி, பலகை மேல ஓட்டமா ஏறி லாரிக்குள்ள அடுக்கிட்டு திரும்பி ஓடி வருவாங்க, ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை நடை போறாங்கன்னு கணக்கு பார்த்தா நமக்கே மூச்சு வாங்கும். பூதம் ராத்திரியோட ராத்திரியா ஊரு நிறைய நெல்லு கொட்டிச்சுன்னு சேக்கிழார் எழுதினப்ப, இந்த மாதிரி சுமக்கிற உடம்புங்களை அவர் பார்த்திருக்கணும். பூதம்னா குள்ளம், தடிச்ச உடம்பு, பெரிய வயிறு, கறுப்புன்னு கோயில் சிற்பத்துல செதுக்குறோம். கோயில் கட்டடத்து பாரத்தை தாங்குற மாதிரி செதுக்கி வெச்சிருக்கிறதும் பூதம்தான். பாரம் சுமக்கிறது அதோட வேலைன்னு நம்ம கலையே முடிவு பண்ணி வெச்சிருக்கு.

இதே மண்ணுல நெல்லுக்கும் கூலிக்கும் இன்னொரு வரலாறும் இருக்கு. கீழ்வெண்மணி இங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல. 1968 டிசம்பர் 25, கூலி உசத்திக் கேட்ட போராட்டத்துக்கு நடுவுல ஒரே குடிசையில 44 பேரை வெச்சு எரிச்சாங்க, பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். திருவிழாவைப் பத்தி எழுதுறப்ப இதை ஏன் இழுக்குறன்னு கேக்கலாம். சுமக்க ஆள் வேணும்ங்கிறதை மையமா வெச்ச ஒரு விழா, சுமந்தவங்களுக்கு அளந்து குடுத்த கூலிக்காக இவ்வளவு ரத்தம் சிந்தின வட்டாரத்துல வருஷா வருஷம் நடக்குதுங்கிறப்ப அதை பேசாம நகர்ந்து போக என்னால முடியல. பூதம் கூலி கேக்காது, மறுநாள் இருக்கவும் இருக்காது. மனுஷன் கேப்பான், கேக்கணும்.

கதையோட முடிவுல பரவையார் பண்ணினது இந்த வெளிச்சத்துல பார்த்தா சாதாரண காரியம் இல்ல. வந்தது அவங்க வீட்டு நெல்லு, அவங்க புருஷன் பாடி வாங்கினது. ஆள் வெச்சு எல்லாத்தையும் உள்ள தள்ளி பெரிய களஞ்சியமா கட்டியிருக்கலாம். அதுக்கு பதிலா உன் வாசல்ல கிடக்கிறது உன்னோடதுன்னு முரசு அடிச்சு சொல்லிட்டாங்க. வழி அடைச்சுகிட்டு கிடந்த நெல்லு ஒரே அறிவிப்புல ஊரு சோறா மாறிடுச்சு. அதோட எடுத்து உள்ள வைக்கிற வேலையும் வீட்டுக்கு வீடு பிரிஞ்சு போச்சு பாருங்க, ஒருத்தர் வீட்டு நெல்லை ஊரே சுமக்க வேண்டிய நிலமை இல்ல, அவங்கவங்க சாப்பிடப் போற நெல்லை அவங்கவங்க சுமந்தாங்க. சுந்தரர் ஆள் இல்லன்னு சாமிகிட்ட போனாரு, பரவையார் ஊருல இருக்கிற அத்தனை பேரையும் ஆளாக்கிட்டாங்க. இந்த காட்சிக்கு விழாவுல இன்னும் பெரிய இடம் குடுக்கணும்ங்கிறது என் ஆசை, பூதம் நெல்லு எடுக்கிறப்ப கூடுற கூட்டமும் கேமராவும் அந்த முரசு அறிவிப்புக்கும் கூடணும்.

பதிவு பண்ற வேலையும் இருக்கு. பாட்டு பத்திரமா இருக்கு, பெரியபுராணம் பத்திரமா இருக்கு, இந்த விழாவை கையால நடத்துறவங்களோட விவரம்தான் எழுத்துல வரணும். பூத வேஷம் எந்தெந்த குடும்பம் கட்டிட்டு வருது, தாத்தா காலத்துல மை எதுல அரைச்சாங்க, பல்லு எதுல செஞ்சாங்க, குவியலுக்கு நெல்லு யார் யார் குடுக்குறாங்க, நெல்லு வண்டியில போன காலத்துக்கு முன்னாடி எந்த வழியா போச்சு, வழியில எங்கெங்க இறக்கி வெச்சாங்க. காவிரி தண்ணி வராம கடைமடை காய்ஞ்ச வருஷங்கள்ல குவியலுக்கு நெல்லு எங்கேருந்து வந்துச்சுங்கிறது இதுல முக்கியமான கேள்வி, ஏன்னா கிழாருக்கு வந்த கஷ்டமே அதுதான். உள்ளூர் காலேஜ் பசங்க நாலு பேரு போனோட உக்கார்ந்தா பெரியவங்ககிட்ட கேட்டு ரெண்டு மாசத்துல முடிச்சுடலாம்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கோளிலி கோயில்ல அவனிவிடங்கர்ங்கிற தியாகராசர், ஒரே திசை பார்த்து நிக்கிற நவகிரகம், எல்லாம் பார்க்கலாம், ஆனா மாசி மகத்தன்னைக்கு குண்டையூரை விட்டுடாதீங்க. நேரா கோளிலிக்கு போய் தரிசனம் முடிச்சு கிளம்பிடுற கூட்டம்தான் அதிகம். சுந்தரர் முதல்ல வந்தது குண்டையூருக்கு, நெல்லைப் பார்த்து திகைச்சு நின்னதும் அங்கதான், அதுக்கு அப்புறம்தான் கோளிலிக்கு வந்து பாடினாரு. அதே வரிசையில போங்க, போறப்ப பதிகத்தை போன்லயாவது வெச்சு ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க.